பெண் வீட்டார் பக்கத்துக் கதை

ஒரு நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கும் பொறுப்பை எனக்கு யாரும் தரவில்லை. ஆனாலும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். மொன்றியலில், ரொக்ஸ்பரோ பக்கத்தில், பிள்ளைகளைப் பகலில் விடும் கார்தெரியின் நடையில், மகளின் ஒரு பனிச்சப்பாத்தை மாட்டிவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தபோது.

பக்கத்தில் தன் மகளின் மேலங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண், நான் எந்த நாடு என்று கேட்டாள். இலங்கை என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"லங்காவோ? எங்கட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன ஆக்களெல்லோ நீங்கள்!"

நான் "சொறி" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்பதே எனக்கு விளங்கியது. அவள் நேபாளத்தில் ஜனக்பூர் என்ற ஊர். காவியத்து இளவரசி பிறந்ததும், வில்லை முறித்தவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததும் தங்கள் ஊரில்தான் என்று அவர்கள் சொல்வார்கள். நான் திருகோணமலை. எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பாறையில் ஒரு பெரிய பிளவு உண்டு. அந்த இளவரசியைத் தூக்கிப் போன பத்துத்தலை அரசன் வாளால் வெட்டியது என்று சொல்லித்தான் சின்ன வயதில் எங்களுக்குக் காட்டுவார்கள். நாங்களும் பெருமையாகத்தான் பார்ப்போம். அந்த வெட்டுக்கு மறுபக்கத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கள் பிள்ளைக்காக மனம் புழுங்கும் ஓர் ஊர் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

இதில் யாருக்கும் நான் பெயர் வைக்கவில்லை. காவியத்து ஆட்களுக்கும் வைக்கவில்லை. அவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களின் பெயர்கள் தேவையில்லை. இன்னொன்று, நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலத்தில், நடுவில் கொஞ்சம் பிரெஞ்சு. ஆனால் அவள் சொன்னதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் என் நினைவில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவளால் இதைப் படிக்க முடியாது என்ற துணிச்சல்தான்.

அன்றே அவள் என்னை "தீதி" என்று கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். ஒரு கிழமையாகக் கண்ணாடியில் கண்ணுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வயதைக் கேட்டால் அவள்தான் மூத்தவள். அது மரியாதைக்குச் சொல்வதாம். ஜனக்பூரிலிருந்து பனிமலை தெரியுமா என்று நான் கேட்டதற்கும் அவள் சிரித்தாள். "எங்கட ஊர் வெய்யில் ஊர், தீதி. மாமரமும் குளமும்தான் தெரியும்." நேபாளம் முழுவதும் செங்குத்தாக நிற்பதாக நான் நினைத்திருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் "கவனம்" சொல்லுகிற ஆள். மகள் படியில் கால் வைக்க முன் கவனம், வைத்த பின் கவனம், கீழே வந்து பத்திரமாக நின்ற பின் பொதுவாக ஒரு கவனம். கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறார். வீட்டைவிட நீளமான இரும்புப் பெட்டியை நெடுஞ்சாலையில் இழுத்துப் போகிறவருக்கு, தினமும் காலையில் வாசலில் நின்று "கவனம்" சொல்கிறேன். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு நாளாவது பரிசோதித்துப் பார்க்கும் தைரியம் இல்லை. எனக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடத்தில் அலுவலக வேலை. பறக்கிறவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று கவலைப்படுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள். தோழியின் மகள் என்னைக் கண்டால் "கவனம் ஆன்ட்டி" என்பாள். அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. பொருத்தமான பெயர்தான்.

மொன்றியலில் தமிழ் ஆட்கள் இல்லையென்று இல்லை. கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கண்டு சிரித்துக்கொள்வோம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கார்தெரியிலிருந்து அழைப்பு வரும்போது, கணவர் லொறியோடு எங்கோ நிற்கும்போது, "நான் கூட்டிக்கொண்டு வாறன், நீங்கள் வேலையை முடிச்சிட்டு வாங்கோ" என்று சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளையும் இழந்தால் இந்த நகரத்தில் எனக்கு ஒருவருமில்லை. அந்தப் பயத்தோடுதான் அவளோடு பழகினேன். பயந்து பழகுகிறவர்கள் செய்யும் மடத்தனங்கள் அத்தனையையும் செய்தேன்.

அவள் எழுதுகிறவள். வீட்டில் மைதிலி பேசினாலும் எழுதுவது நேபாளியில். ஊரில் இருந்தபோதே சஞ்சிகைகளில் கதைகள் வந்திருக்கின்றன. பழைய இதிகாசக் கதைகளைத் திருப்பி எழுதுகிறவர்கள் நேபாளியில் இப்போது நிறைய என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கைபேசியில் படித்துப் படித்து எனக்குச் சொல்வாள். ஒரு கதையில் காட்டுக்குப் போன இளவரசன், வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். தம்பியிடம் பாதுகையைக் கொடுக்க வேண்டிய இடத்தில் தன் பழைய கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இன்னொன்றில், குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட தாய், மனம் மாறி அதை எடுத்துக்கொண்டு, பிறப்பைப் பதியப் போய் வரிசையில் நிற்கிறாள். தகப்பன் பெயர் கேட்கிறார்கள். சூரியன் என்கிறாள். "அவரின்ர அடையாள அட்டையைக் கொண்டுவாங்கோ" என்கிறார் அதிகாரி.

நான் சிரித்தேன். உடனே சிரித்தது சரியா என்று யோசித்தேன். நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி. காவியம் என்றால் எனக்குப் பரீட்சை. "நயம் காட்டி விளக்குக" என்று யாராவது சொன்னால் இப்போதும் கை தானாகப் பேனையைத் தேடும்.

"இப்பிடியெல்லாம் மாத்தலாமோ?" என்றேன்.

"ஆரிட்டக் கேக்கவேணும்?" என்றாள்.

மார்கழியில் ஒரு நாள் இனிப்போடு வந்தாள். ஊரில் அன்று அந்தக் கலியாணத்தின் நாள். ஒவ்வோர் ஆண்டும் அதைத் திருப்பிச் செய்வார்களாம். மாப்பிள்ளை ஊர்வலம், மேளம், கோயில் நிறைய சனம். ஆனால் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அந்த நாளில் கலியாணம் வைக்க மாட்டார்களாம்.

"ஏன்? நல்ல நாள்தானே?"

"அவ அந்தக் கலியாணத்தால என்ன சுகத்தைக் கண்டவ, தீதி?"

நான் மூன்று வருடம் படித்த காவியத்துக்கு இப்படி ஒரு வாசல் இருந்ததை எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

தை மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல். அவள் கணவர் வேலையில். நான் கஞ்சியோடு போயிருந்தேன். அவள் நித்திரையாக இருந்த நேரம் அவளுடைய அம்மா ஜனக்பூரிலிருந்து காணொளி அழைப்பில் வந்துவிட்டார். எனக்கு மைதிலி தெரியாது, அவருக்கு வேறொன்றும் தெரியாது. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினேன். கரண்டியைக் காட்டினேன். ஹிந்திப் படங்களில் சாப்பாட்டுக்குச் சொல்லக் கேட்ட நினைவில் "கானா, கானா" என்றேன். அவர் தன் தலையைத் தடவித் தடவி எதையோ கேட்டார். வெகுநேரம் கழித்துத்தான் விளங்கியது, மகளின் தலை ஈரம் காய்ந்துவிட்டதா என்று கேட்கிறார். நான் போய் அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று கையால் சொன்னேன். அவர் அழுதார். எனக்கு அழுகிற வேலை எதுவும் அங்கே இல்லை. இருந்தும் நானும் அழுதேன். கஞ்சி ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் தன் கதையை எழுதி முடித்தாள். பிள்ளைகள் இரண்டும் மேசைக்குக் கீழே பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லி எனக்கு வாசித்துக் காட்டினாள். கதை இளவரசியைப் பற்றியதில்லை, அவளைப் பெற்ற தாயைப் பற்றியது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் வருவதில்லை. மகள் காட்டுக்குப் போனதை யாரும் சொல்லவில்லை. தூக்கிப்போனதையும், லங்காவில் ராட்சசிகள் அவளைக் காவல் காப்பதையும் யாரும் சொல்லவில்லை. ஊரில் ஒவ்வோர் ஆண்டும் கலியாண நாளைக் கொண்டாடுகிறார்கள், தாய் மாலை கட்டிக் கொடுக்கிறாள். வழிப்போக்கன் எவன் வந்தாலும் கூப்பிட்டு, என் பிள்ளையைக் கண்டாயா, சாப்பிடுகிறாளா, என்று கேட்கிறாள்.

வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "வாற மாதம் எங்கட ஆக்களின்ர இலக்கியக் கூட்டத்தில வாசிக்கப் போறன். நீங்கள் உண்மையைச் சொல்லவேணும், தீதி. எங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுவினம்."

உண்மையைச் சொல் என்று கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் கேட்டதைச் செய்து கொடுத்தேன். திங்கட்கிழமை மதிய இடைவேளையில், சோற்றைத் தொடாமல், கைபேசியில் ஒரு விமர்சனம் எழுதினேன். இலக்கமிட்டு எழுதினேன். மூலத்தில் தாய்க்கு இவ்வளவு இடமில்லை என்று எழுதினேன். எங்கள் நாட்டு ஆட்கள் எல்லோரும் நீளப் பல்லோடு வருகிறார்கள், காவல் நிற்கிற பெண்களில் ஒருத்திகூடவா நல்லவளாக இருந்திருக்க மாட்டாள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாயின் பதற்றம் கொஞ்சம் மிகையாகப் படுகிறது, எந்தத் தாயாவது இப்படி எந்நேரமும் யோசித்துக்கொண்டிருப்பாளா, என்று எழுதினேன்.

இதை எழுதும்போதே கார்தெரிக்கு ஒருமுறை அழைத்து, மகள் தொப்பியோடுதான் வெளியில் விளையாடுகிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை எழுதினேன்.

அனுப்பிவிட்டுத் திருப்பி வாசித்தேன். நான் சொல்ல வந்தது அதுவல்ல என்று விளக்கி இரண்டாவது செய்தி அனுப்பினேன். இரண்டாவதைத் தவறாக எடுக்க வேண்டாம் என்று மூன்றாவது. மூன்றிலும் நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த நாள் நடையில் கண்டபோது "பொன்ஜூர்" என்றாள். தீதி இல்லை. பொன்ஜூர் என்பது பேருந்துச் சாரதிக்குச் சொல்வது. அந்தக் கிழமை முழுவதும் பொன்ஜூர்தான். பிள்ளைகள் மட்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.

கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அவ என்னோட கதைக்கிறா இல்லை."

"நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்டுமில்லை. அவவின்ர கதையில இருக்கிற பிழையளைச் சொன்னனான்."

"எத்தினை பிழை?"

"கனக்க இல்லை."

"இலக்கம் போட்டனீரோ?"

நான் பாத்திரம் கழுவப் போனேன்.

"இலக்கம் போட்டிருக்கிறா," என்று மகளிடம் சொன்னார். மகளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பயற்றம் உருண்டை செய்து ஒரு டப்பாவில் அனுப்பினேன். நேரில் கொடுக்கத் துணிவில்லாமல், மகளின் பையில் வைத்து அவள் மகளின் பைக்குக் கடத்தினேன். இரண்டு நாளில் டப்பா திரும்பி வந்தது, வெறுமையாக. எங்கள் வீடுகளில் யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுப்போம். வெறும் டப்பா வந்தால் உறவு முடிந்தது என்று எனக்குள் யாரோ சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. இருந்தால் அவள் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள். இல்லாவிட்டால் நான்தான் பைத்தியம். அவளிடம் கேட்கலாம். அவளோடு பேசிக்கொண்டிருந்தால்.

"டப்பாவைக் கழுவித் தந்திருக்கிறா," என்றார் கணவர். "எங்கட ஆக்கள் கழுவாமலெல்லோ தாறவை. நல்ல மனுசி."

கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஒரு செய்தி வந்தது. ஞாயிறு பின்னேரம், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். "மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." அவ்வளவுதான். கூப்பிடுகிறாளா, கூப்பிட்டுவிட்டுத்தான் முகத்தைத் திருப்பப் போகிறாளா என்று இரண்டு நாள் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நயம் ஒன்றும் கிடைக்கவில்லை.

சேலை உடுத்தால் மிகையாகிவிடுமோ, உடுக்காவிட்டால் மதிக்காததாகிவிடுமோ என்று யோசித்து, சேலை உடுத்து, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே வரும் பனி மேலங்கியைப் போட்டு, அதை மண்டபத்தில் கடைசிவரை கழற்றவில்லை. கணவருக்கு அன்று லொறி ஓட்டம். நானும் மகளும் ரயிலிலும் மெத்ரோவிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். பின்வரிசையில் இருந்தேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. ஒரு பெரியவர் நீண்ட கவிதை வாசித்தபோது, எல்லோரும் தலை குனிந்திருந்த இடத்தில் நான் மட்டும் கைதட்டினேன்.

பிறகு அவள் எழுந்தாள். அரங்கு அமைதியானது. அந்தத் தாயின் பகுதி வந்ததை அவள் குரலில் இருந்தே தெரிந்துகொண்டேன். யாரையோ கூப்பிட்டுக் கேட்பது போல ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் மிகை என்று எழுதிய இடம் அதுதான். ஒரு வரியும் அவள் குறைக்கவில்லை. கூட்டியிருந்தாள் போலவும் இருந்தது.

அப்புறம் குரல் மாறியது. தோளைக் கொஞ்சம் குறுக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தாள். அந்த நேபாளிக்கு நடுவிலே தெளிவாக ஒரு சொல் கேட்டது.

"கவனம்."

காது ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். இன்னொரு வரி, பிறகு மறுபடியும் "கவனம்". இல்லாத ஒரு தொப்பியை யாரோ ஒருவரின் காதுவரை இழுத்து விட்டாள். "கவனம்." இல்லாத கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதி, நீட்டினாள். "கவனம்." இளவரசி சிறையிருந்த தோட்டத்து மரத்தை அண்ணாந்து பார்த்து, மேலே குரங்கோ என்னவோ, அதற்கும் விரலை நீட்டி, "கவனம்!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

என் மகள் கதிரைமேல் ஏறி நின்றாள். பிரெஞ்சில், அந்த மண்டபம் முழுவதுக்கும் விளங்கும்படி, "அது என்ர அம்மா!" என்று கத்தினாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. நான் செய்த முதல் காரியம், விழுந்துவிடுவாள் என்று பதறி அவளைப் பிடித்தபடி, "கவனம்!" என்றது. அதற்குப் பிறகு அவர்கள் சிரித்ததை நான் விவரிக்க விரும்பவில்லை.

முடிந்த பிறகு தேத்தண்ணி மேசையருகே அவள் வந்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கள்தானே கேட்டனீங்கள், காவல் நிண்டவையில ஒருத்திகூட நல்லவ இல்லையோ எண்டு."

"நல்லவளா எழுதியிருக்கலாமே."

"நல்லவள்தான். வாயை மூடமாட்டாள், அவ்வளவுதான்."

"கோவம் எண்டு நினைச்சன்."

"கோவம்தான். தாய்க்காரியின்ர பதற்றம் கூடிப்போச்சாம்! அதை ஆர் சொல்லுறது? முதல் கிழமை உங்களைக் கண்டாலே பத்திக்கொண்டு வந்தது. உங்களைப் பழிவாங்கத்தான் அவளை எழுதத் தொடங்கினன். நீளப் பல்லு வைச்சு, நல்லா நக்கலடிச்சு. பிறகு பாத்தா, எழுத எழுத அவள் எங்கட பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்துக்கொண்டே இருக்கிறாள். என்னால நிப்பாட்டேலாமல் போச்சு."

"கடைசியில என்ன நடக்குது? எனக்கு விளங்கேல்லை. சிரிச்சவை எல்லாரும் பேசாமல் இருந்தினம்."

அவள் காகிதக் கோப்பையை மேசையில் வைத்தாள். "ஜனக்பூருக்கு ஒரு செய்தி போகுது. மாப்பிள்ளை வீட்டில இருந்து இல்லை. அந்த ராட்சசிதான் அனுப்புறாள், ஒரு கொக்கிட்டச் சொல்லி. தாய்க்கு வாற ஒரே செய்தி அதுதான். 'உங்கட மகள் சாப்பிடுறா. தலை காய்ஞ்சிட்டுது. நான் பாத்துக்கொள்ளுறன்.'"

கஞ்சி ஆறிப்போன அந்தப் பகல் எனக்கு நினைவுக்கு வந்தது. மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியைத் துடைத்தேன். நான் எப்போதும் ஏதாவது சொல்கிற ஆள் என்பதால் அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு வளையம் வளையமாகப் பொரித்த அரிசிமாப் பலகாரத்தை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்துவிட்டு, யாரோ கூப்பிட அந்தப் பக்கம் போய்விட்டாள். டப்பா விஷயத்தைக் கேட்க மறந்துவிட்டேன். இன்றுவரை கேட்கவில்லை.

ரயிலில் மகள் என் மடியில் சாய்ந்து பலகாரம் தின்றாள். வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்து, தண்டவாள ஓரமெல்லாம் கண்ணாடிபோல மின்னியது. நான் கைபேசியை எடுத்து "நல்லா இருந்தது" என்று எழுதினேன். போதாதுபோல் இருந்தது. கொக்கு அவ்வளவு தூரம் பறக்குமா, வேறு பறவை வைத்தால் என்ன என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு முன்னால் என் விரல் தானாக "1" என்று போட்டிருந்ததைக் கண்டேன். முழுவதையும் அழித்தேன்.

கடைசியில் அனுப்பியது இதுதான்: "றோட்டு முழுக்க ஐஸ். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்காதேங்கோ. கவனம்."

அடுத்த ஸ்டேஷன் வரமுன்னர் பதில் வந்துவிட்டது.

"சரி, ராட்சசி தீதி."